நீ இன்னும் சொல்லவே இல்லையே

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் தாண்டி மெர்போக் போகும் வழியெல்லாம் குனோங் ஜெராய் கூடவே வந்தது. சென்ற பள்ளி விடுமுறையில் அப்பாவைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனேன். பீடோங் பக்கத் தோட்டத்தில் இருபது வருடம் பால் வெட்டியவர். இத்தனை அருகில் இருந்தும் அங்கே போனதில்லை.

அருங்காட்சியகத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால், ஓடையோரமாக சண்டி புக்கிட் பத்து பஹாட். சிதறிக் கிடந்த கருங்கற்களை அடுக்கி 1960-இல் மீண்டும் எழுப்பிய கோயில் மேடை. கூரை இல்லை, மரத்தாலான மேல்கட்டு எப்போதோ மக்கிவிட்டது. பள்ளியில் கடாரம் என்று படித்தோமே, 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்த இடம், அந்தக் கெடா இதுதான்.

வானொலிக்காகக் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினேன்.

"இங்க நிக்கும்போது ஒரு ஃபீல்... ஹவ் டு சே... இட்ஸ் லைக்... யூ நோ வாட் ஐ மீன்?"

"தெரியலம்மா. நீ இன்னும் சொல்லவே இல்லையே" என்றார் அப்பா.

கேலி இல்லை. நான் கேள்வி கேட்டதாகவே நினைத்துப் பதில் சொன்னார். பேசிப் பிழைப்பவள் நான். எனக்குக் காது சுட்டது.

"சரி, நீங்க சொல்லுங்கப்பா."

"எப்படிச் சொல்றது..." என்றபடி, தூண் நின்ற கல்லைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். என் 'ஹவ் டு சே'யும் அதே சொல்தான். ஆனால் நான் அதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவேன். அவர் தேடினார்.

"நம்ம லயத்த இடிச்ச பிறகு ஒரு நாள் போய்ப் பாத்தேன். வீடு இல்ல. சிமெண்டுத் தரை மட்டும் கெடந்துச்சு. அடுப்படி எது, உங்கம்மா உக்காந்து அரிசி பொடச்ச எடம் எதுன்னு தரையப் பாத்தே தெரிஞ்சுச்சு. இதுவும் அப்படித்தாம்மா இருக்கு."

அம்மா போய் ஆறு வருடம். லயத்துக்குத் தனியாகப் போனதை அப்பா அதுவரை எங்களிடம் சொன்னதேயில்லை.

பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிகழ்ச்சியில் என் பேச்சை வெட்டிவிட்டு, அப்பாவின் குரலையும் ஓடைச் சத்தத்தையும் மட்டும் வைத்தேன். அன்று மாலையே அழைத்தார்.

"கோயிலப் பத்திக் கேட்டா லயத்தப் பத்திப் பேசிட்டேன். அத வெட்டியிருக்கலாம்ல?"