அரை ஆள்

'அங்க உனக்கு என்ன சாமி வேல?' என்று அய்யன் முதலில் கேட்டு ஒன்பது வருஷமாகிறது. கம்பெனிகளுக்கு யோசனை சொல்வது என்றேன். 'கேக்கறவனுக்கா, கேக்காதவனுக்கா?' என்றார். கேட்டுப் பணமும் கொடுப்பவனுக்கு என்றதும், காரமடைத் தேர் வீதியில் ஜாதகம் பார்க்கிறவரை நினைத்துக்கொண்டு சிரித்தார்.

ஒப்புமை அவ்வளவு தவறில்லை. வந்தவன் எதைக் கேட்க விரும்புகிறான் என்பது இரண்டு இடத்திலும் முதல் நாளே தெரிந்துவிடுகிறது. எங்கள் ஸ்தாபனத்தில் அதை ஆறு வாரம் கழித்து, அறுபது ஸ்லைடுகளில் சொல்லவேண்டும். இடைப்பட்ட நாட்களில் ஆலைக்குள் நின்று மேஸ்திரிகளையும் தொழிலாளிகளையும் விசாரிக்கிறோம். எந்த ஃப்ரேமில் நூல் அடிக்கடி அறுகிறது, எதனால், எந்த அதிகாரி யாருக்கு மச்சான் - எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை இங்கிலீஷில் எழுதி அவர்களுடைய முதலாளிக்கே விற்கிறோம். சொன்னவன் பெயர் அறிக்கையில் இராது.

விமானம், ஹோட்டல் அறை, ராத்திரி இரண்டு மணிக்குத் திருத்துகிற ஸ்லைடு பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கம் கெடுவது மில் வேலையிலும் உண்டு. எனக்குப் பழகாமல் போனது ஒரு பின்னம்.

எங்கள் கணக்கில் ஆள் முழு எண்ணாக இருக்கவேண்டியதில்லை. எப்.டி.இ. என்பார்கள். ஒரு வேலைக்கு ஒருவன் முழு நேரமும் தேவை என்றால் 1, பாதி நேரம் என்றால் 0.5. கணக்கில் பிழை கிடையாது. கோவையில் 1956-ல் தொடங்கிய சிட்ராவும் நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி என்று அளந்து வந்திருக்கிறது. அளக்காமல் ஆலை நடத்த முடியாது.

குஜராத்தில் ஒரு நூற்பாலை. ஒரு பிரிவுக்கு ஷிப்டுக்கு 17 பேர் இருந்தார்கள்; எனக்கு 13.5 என்று வந்தது. 'ஆளைப் பாதியாக வெட்ட முடியாது, 13 போடு' என்றார் மேலாளர். போட்டேன். அன்று ராத்திரி சட்டையைக் கழற்றியபோது பஞ்சு வாடை அடித்தது. அய்யன் சட்டையின் வாடை.

அவர் பதினோரு வருஷம் கோவை மில் ஒன்றில் பதிலி. விடிவதற்கு முன் போய் கேட்டில் நிற்பார். யாராவது வராவிட்டால் வேலை. எல்லோரும் வந்துவிட்டால் திரும்பி வந்து யாருடைய தோட்டத்திலாவது கறிவேப்பிலை வெட்டப் போவார். சைக்கிள் சத்தம் காலையிலேயே கேட்டால் அம்மா ஒன்றும் பேசமாட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் கிடைக்கும். ஆறில் மூன்று. அந்த 0.5-இல்தான் நான் இஞ்சினீயரிங் படித்தேன்.

1926-ல் சிகாகோவில் இத்தகைய ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்ஸி (நான் இருப்பது அதுவல்ல) 1935-ல், தான் யோசனை சொல்லிவந்த மார்ஷல் ஃபீல்ட் கடைக்கே தலைவராய்ப் போனார். ஆட்குறைப்பைத் தன் கையாலேயே செய்தார். 1937-ல் நிமோனியாவில் இறந்துபோனார். எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை உண்டு. நாங்கள் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

இந்த வருஷம் மாசித் தேருக்கு ஊருக்குப் போயிருந்தேன். எப்போதோ சொன்னதை அய்யன் நினைவு வைத்திருந்து, 'அந்த குஜராத் மில்லு ஓடுதா?' என்றார்.

'ஓடும்னு நெனைக்கறேனுங்க.'

'அந்த நாலு பேரு?'

பந்தம் ஏந்தி ஆடுகிறவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள். என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்து நிறுத்திக்கொண்டார்.