சிங்களப் பாடத்தில் ஏன் படம் கீறுகிறோம்?

 

பெற்றோர் கூட்டத்தில் இந்தத் தவணையும் அதே கேள்வி வந்தது. “சேர், சிங்களக் கொப்பியில பாதி படமாக் கிடக்குது. எழுத்து எப்ப படிப்பிக்கப் போறீங்க?” என்று ஒரு வாப்பா கேட்டார். இன்னொருவர் கூட்டம் முடிந்த பிறகு மெதுவாக வந்து, “படம் கீறுறது மார்க்கத்தில கூடுமா சேர்?” என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியவை அல்ல. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறோம்.

முதலில் எமது பிள்ளைகளின் நிலைமையைப் பார்ப்போம். வன்னியில் சிங்களம் காதில் விழும் இடங்கள் குறைவு. வவுனியா நகரத்தில் என்றால் கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் கேட்கலாம். வவுனியா தெற்கில் சிங்களக் கிராமங்களே இருக்கின்றன. ஆனால் செட்டிகுளத்தின் உட்பக்கத்திலோ, முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலோ, கிளிநொச்சியின் நாச்சிக்குடாவிலோ வளரும் பிள்ளை பாடவேளையைத் தவிர வேறு எங்கே சிங்களம் கேட்கப் போகிறது?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த எமது குடும்பங்களில், பிள்ளைகள் சந்தையிலும் தெருவிலும் சிங்களத்தைக் காதாலேயே பிடித்துக்கொண்டார்கள். அப்படி வளர்ந்து 2009 க்குப் பிறகு ஊர் திரும்பிய பலர் இன்றும் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் ஒரு கடிதத்தைக் கொடுத்தால் வாசிக்க மாட்டார்கள். இங்கே வளரும் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. கொப்பி நிறைய எழுத்து இருக்கிறது, வாயில் ஒரு வசனம் இல்லை. பரீட்சை முடிந்ததும் எழுத்தும் போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 1956 இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. எமது மொழியில் கடிதம் கேட்பது எமது உரிமை, அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையில் வருகிற படிவம் எல்லா நேரமும் தமிழில் வருவதில்லை. ஓர் அலுவலகத்தில் சிங்களப் படிவம் ஒன்றில், அது என்னவென்று தெரியாமலேயே ஒரு உம்மா ஒப்பமிட்டதை நாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். எமது பிள்ளைகள் அப்படி ஒப்பமிடக் கூடாது. அவ்வளவுதான் எமது ஆசை.

சரி, இதில் படம் எங்கே வருகிறது?

வழமையாக நாம் சொற்களைப் படிப்பிப்பது இப்படி. “வத்துர” என்று எழுதி, பக்கத்தில் “தண்ணீர்” என்று எழுதுவோம். பிள்ளை அதைப் பத்துத் தடவை எழுதும். அதன் பிறகு “வத்துர” என்று கேட்டால் பிள்ளையின் மனம் முதலில் தமிழுக்குப் போகும், அங்கிருந்து பொருளுக்குப் போகும், பிறகு திரும்பி வரும். பேச்சில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. எதிரில் நிற்பவர் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். தமிழ்ச் சொல்லுக்குப் பதிலாகக் கிணற்றையும் வாளியையும் வாளியில் தண்ணீரையும் பிள்ளையே கீறி, அதன் கீழே “வத்துர” என்று எழுதினால் அந்தச் சொல் நேராகத் தண்ணீரோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய பயன் இன்னொன்று உண்டு. படம் கீறும் பிள்ளைக்குச் சொல் தேவைப்படுகிறது. தரம் 6 இல் ஒரு முறை “கஹக் அந்தின்ன”, அதாவது ஒரு மரம் கீறுங்கள் என்று சொன்னோம். பாடநூலில் இருந்தது கிளை விரித்த ஏதோ ஒரு மரம். பிள்ளைகளில் பாதிப் பேர் கீறியது பனை. உடனே கேள்வி வந்தது, “சேர், பனைக்கு என்ன சொல்றது?” தல் கஹ. இன்னொரு மாணவன் வீட்டுக் கிணற்றைக் கீறிவிட்டுக் கயிற்றுக்குச் சொல் கேட்டான். கம்பய. “கம்பி இல்லையா சேர்?” என்று வகுப்பே சிரித்தது. இந்தச் சொற்களை நாம் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை, பிள்ளைகள்தான் கேட்டு வாங்கினார்கள். கொடுத்த சொல் மறந்துபோகும். கேட்டு வாங்கிய சொல் தங்கிவிடும்.

எமது பாடத்தில் படத்தின் வேலை இதுதான். பேசச் சொல் இல்லாத பிள்ளைக்கும் சொல்ல ஒரு விடயம் இருக்கிறது. முதலில் அதைக் கீறட்டும். சொல் தேடி வரும்.

கல்வியியற் கல்லூரியில் கற்பித்தற் சாதனங்கள் செய்யப் பழக்குவார்கள். பிறிஸ்டல் மட்டையில் ஆசிரியர் அழகாகப் படம் கீறிச் சுவரில் தொங்கவிடுவார். அதுவும் தேவைதான். ஆனால் அந்தப் படத்தில் உழைத்தது ஆசிரியரின் கை. பிள்ளை பார்த்துவிட்டுப் போகிறது. பென்சில் பிள்ளையின் கைக்குப் போகும்போதுதான் அது கவனிக்கத் தொடங்குகிறது.

இது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்த கொமேனியஸ் என்ற ஆசிரியர், பிள்ளைகளுக்கு லத்தீன் மொழி கற்பிக்க 1658 இல் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் ஒரு படநூல் வெளியிட்டார். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம். அதே இலக்கத்தோடு பக்கத்தில் லத்தீன் சொல்லும் ஜேர்மன் சொல்லும். விரும்பும் பிள்ளைகள் அந்தப் படங்களைத் தாமும் பார்த்துக் கீறட்டும் என்று முன்னுரையிலேயே சொன்னவர் அவர்.

அண்மையில், 2016 இல், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, சிலவற்றைப் படமாகக் கீறவும் சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதவும் சொன்னார்கள். ஒரு சொல்லுக்கு 40 விநாடி. பிறகு நினைவுபடுத்தச் சொன்னபோது கீறிய சொற்களே அதிகம் நினைவில் இருந்தன. கீறுவதற்கு 4 விநாடி மட்டும் கொடுத்தபோதும் பயன் தெரிந்தது. படம் அழகாக இருந்ததா என்பது முக்கியமாக இருக்கவில்லை. அந்த ஆய்வு ஆங்கிலச் சொற்களை நினைவில் வைப்பது பற்றியது, புது மொழி படிப்பது பற்றியது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் “என்ட பிள்ளைக்குக் கீற வராது” என்று சொல்லும் பெற்றோருக்கு அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கோணல் படமும் போதும்.

வகுப்பில் நாம் செய்யும் மூன்று வேலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, கேட்டுக் கீறுதல். நாம் சிங்களத்தில் சொல்வோம், பிள்ளைகள் கீறுவார்கள். “கெய லங்க கஹக்”, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரம். “மேசய உட பொத்தக்”, மேசைக்கு மேலே ஒரு புத்தகம். லங்க, உட, யட, எத்துளே போன்ற சொற்களைப் பாடமாக்கினால் குழம்பும். புத்தகத்தை மேசைக்குக் கீழே கீறிய பிள்ளைக்கு “யட” எது, “உட” எது என்று பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்த உடனே விளங்கிவிடும். நாம் சிவப்புப் பேனையை எடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, வீட்டின் உட்பக்கம். அறையைக் கீறிப் பொருட்களுக்குப் பெயர் எழுதச் சொல்வோம். மேசை அங்கே மேசய. யன்னல் ஜனேலய. அலுமாரி அல்மாரிய. சப்பாத்து சபத்து. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். போர்த்துக்கேயர் விட்டுப்போன இந்தச் சொற்கள் இரண்டு மொழியிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலக் குடியிருக்கின்றன. அம்மா, அக்கா இரண்டிலும் ஒன்றுதான். வசன ஒழுங்கும் எமக்கு உதவி செய்கிறது. “அம்மா கெதர யனவா.” “அம்மா வீட்டுக்குப் போகிறார்.” வினை கடைசியில். ஆங்கிலத்தில் போலத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. அந்நிய மொழி என்று பயந்த பிள்ளைக்கு இதைக் கண்ட பிறகு பயம் பாதி போய்விடும்.

ஏமாற்றும் சொற்களும் உண்டு. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். தமிழில் பாட்டன். எம்மவர்களின் சில ஊர்களில் மூத்த சகோதரி! வாப்பாவின் சைக்கிளைக் கீறி அதன் கீழே “தாத்தா” என்று எழுதிய பிள்ளை இதை இனி மாற்றிச் சொல்லாது.

மூன்றாவது, எழுத்து. சிங்கள எழுத்துகளுக்கும் எமது எழுத்துகளுக்கும் பிராமிதான் மூதாதை. ஓலையில் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதால் எழுத்துகள் வளைந்து உருண்டன என்று எழுத்து வரலாறு எழுதியோர் விளக்குவார்கள். வயன்னவும் சயன்னவும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. அவசரமாக எழுதும் பிள்ளை மாற்றி எழுதும். வளையம், சுழி, முடிச்சு என்று ஒரு வாரம் பெரிதாகக் கீறிப் பழகிய கைக்கு அந்தச் சிறு வேறுபாடு பிடிபடும். இதில் எமது பிள்ளைகளுக்கு ஏற்கனவே பயிற்சி இருக்கிறது. குர்ஆன் மத்ரஸாவில் ஒரே உடம்பும் வேறு வேறு புள்ளிகளும் கொண்ட பே, தே, ஸே என்ற எழுத்துகளைப் பிரித்தறிந்த கண்கள் அவை.

படத்தால் எல்லாம் முடியாது என்பதும் உண்மை. “மன்னிக்கவும்”, “ஏன்” என்பவற்றைக் கீற முடியாது. அவற்றைப் பேசித்தான் பழக வேண்டும். ஆனால் முடியாது என்று நினைத்த சிலவும் முடிந்தன. மூன்று பெட்டி கீறி ஈயே, அத, ஹெட்ட என்று எழுதுவோம். நேற்று, இன்று, நாளை. நேற்றைய பெட்டியில் மழை, இன்றைய பெட்டியில் வெயில், நாளைய பெட்டியில் பிள்ளை விரும்பியது.

சென்ற வருடம் தரம் 7 மாணவி ஒருத்தி உம்மம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். கதவு பூட்டு. சிங்களத்தில் மட்டும் ஓர் அறிவித்தல். வெளியில் நாலைந்து பேர் நின்றிருக்கிறார்கள். அவளுக்கு அதில் விளங்கியது முதற்சொல் மட்டும், “அத”. பாதுகாப்பு ஊழியரிடம் போய் “அத நெத்த?” என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டு “ஹெட்ட” என்றாராம். உம்மம்மாவிடம் வந்து, “இண்டைக்கு இல்லயாம், நாளைக்காம்” என்று சொல்லியிருக்கிறாள். நின்ற எல்லோரும் வீடு திரும்பினார்கள். எம்மிடம் வந்து சொன்னபோது, “நடுப்பெட்டியும் கடைசிப்பெட்டியும் சேர்” என்றாள்.

இனி இரண்டாவது கேள்வி. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எமது வேலை அல்ல, அதை உலமாக்களிடம் கேளுங்கள். உருவம் வரைவதைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரின் பேணுதலை நாம் மதிக்கிறோம். உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழிகாட்டியதாக புஹாரியில் வருகிறது. எமது வகுப்பிலும் அதுவே எல்லை. கிணறு, குளம், வயல், பனை, உழவு இயந்திரம், பஸ் போதும். ஆளைக் கீற வேண்டிய இடத்தில் அவரது பொருளைக் கீறுகிறோம். உம்மாவுக்குக் குடம், வாப்பாவுக்குச் சைக்கிள்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் கீறி, அதன் நடுவிலிருந்து வெளியே செல்லும் ஒரு கோடும், பக்கங்களில் சிறு கோடுகளும் கீறி, மனிதனையும் அவனைச் சூழ்ந்த மரணத்தையும் அதைத் தாண்டி நீளும் அவனது ஆசையையும் தோழர்களுக்கு விளக்கியதும் புஹாரியில் இருக்கிறது. கோடு கீறி விளக்குவது எமக்கு அந்நியமான முறை அல்ல. பிறர் மொழி படிப்பதும் அந்நியமானது அல்ல. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபியவர்கள் கட்டளையிட்டபோது ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்கள் பதினைந்து நாட்களுக்குள் கற்றார்கள் என்று திர்மிதியில் வருகிறது. வரும் கடிதத்தை நாமே வாசிக்க வேண்டும், போகும் கடிதத்தை நாமே எழுத வேண்டும் என்பதுதான் அதன் காரணம். எமது காரணமும் அதுவே.

பெற்றோரிடம் நாம் கேட்பது சிறிய உதவி. பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும், கலர்ப் பென்சில் வாங்கத் தேவையில்லை. இரவில் பத்து நிமிடம் பிள்ளை கீறட்டும். “இது என்ன கோலம்?” என்று கேட்க வேண்டாம். “இதுக்குச் சிங்களத்தில என்ன?” என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அடுத்த நாள் எம்மிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். புத்தளத்தில் வளர்ந்த சாச்சா, மாமி யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்துங்கள். அவர் சொல்லைச் சொல்லட்டும், பிள்ளை எழுதிக் காட்டட்டும். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி படித்துக்கொள்வார்கள்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

கருத்துகளைக் கீழே எழுதுங்கள். உங்கள் பிள்ளை கீறிய படம் இருந்தால் அதையும் போடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.