திருப்பாச்சேத்தியில் ஒரு காட்டுக் கத்தி

அரிவாள் அடிக்கும் ஊரான திருப்பாச்சேத்தியின் பெயர் செய்தித்தாளில் அடிபட்டால் அது பெரும்பாலும் வெட்டுக்குத்துச் செய்தியாகத்தான் இருக்கும். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரௌடிகளைத் தேடிப் பிடித்தபோது, அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்கும் விற்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தல் போனது: வாங்குகிறவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண்ணை எழுதி வைக்க வேண்டும், கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும். விறகு வெட்டவும் தேங்காய் வெட்டவும் கருவி செய்து பிழைக்கிறவர்கள் ஒரே நாளில் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். இன்னொரு பக்கம், மலையேறவும் காட்டோரம் கூடாரம் அடிக்கவும் கிளம்பியிருக்கும் இளைஞர்கள் காட்டில் தங்கும்போது பயன்படும் ‘புஷ்கிராஃப்ட்’ கத்தி என்று இணையத்தில் தேடி, ஆயிரக்கணக்கில் கொடுத்து, யார் செய்தது என்றே தெரியாத ஒன்றை வாங்குகிறார்கள். இந்த இரு தரப்பும் சந்தித்துக்கொள்வதே இல்லை. சந்தித்தால் இருவருக்குமே நல்லது. முதல் கத்தியை அதை அடித்தவரிடம் நேரில் பேசி வாங்குவதுதான் அறிவுடைமை என்று நினைக்கிறேன். கைத்தொழில் மீதுள்ள இரக்கத்தால் இதைச் சொல்லவில்லை, இரும்பின் இயல்பே காரணம்.

மதுரை–மானாமதுரை வழியில் இருக்கும் இந்த ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். உலைக்குக் காற்றடிக்கத் துருத்திக்குப் பதில் மோட்டார் வந்துவிட்டது. சம்மட்டி அடி, இழைப்பு, பிடி போடுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். அவற்றில் குறை இருந்தால் வாங்குகிறவரே கண்டுபிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது துவைச்சல். செக்கச் சிவந்த இரும்பின் வாய்ப்பகுதியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். வாய் குளிர்ந்து விறைத்துவிடும், முதுகில் மட்டும் சூடு மிச்சமிருக்கும். மேலே படிந்த கருக்கைத் தேய்த்துவிட்டு உற்றுப் பார்த்தால், முதுகுச் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்குவது நிறமாகத் தெரிகிறது: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் என்றால் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸ், நீலம் என்றால் 300. எந்த நிறம் வாயைத் தொடும்போது மறுபடி தண்ணீரில் முக்குவது என்பதில்தான் கத்தியின் தலையெழுத்து இருக்கிறது. முந்திவிட்டால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும், பிந்திவிட்டால் வாய் மடங்கும். முடிவெடுக்கக் கிடைப்பது சில விநாடிதான். வெப்பமானி கிடையாது. பட்டறை இருட்டாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. வெயிலில் இரும்பின் சிவப்பு சரியாகத் தெரியாது. இத்தனையும் முடிந்து மெருகேற்றிய பிறகு நல்ல கத்தியும் கெட்ட கத்தியும் ஒன்றுபோலவே பளபளக்கும். படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

வெளிநாட்டுக் கத்திகளும் இதையேதான் சொல்கின்றன. சுவீடனில் மோரா பக்கத்திலுள்ள ஓஸ்ட்னோர் ஊரில் 1891இல் ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் தொடங்கிய பட்டறையின் வழிவந்ததுதான் இன்றைய மோராக்நிவ். அவர்களுடைய ‘கம்பேனியன்’ கத்தியின் அலகு சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் கனம், பிடி பிளாஸ்டிக். விலையும் குறைவு. பிடிக்குள் போகும் வால் முழு நீளத்துக்கு ஓடுவதும் இல்லை. ஆனாலும் உலகம் முழுக்க முதல் கத்தியாகப் பலரும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். எஃகும் துவைச்சலும் சரியாக இருப்பதும், வாய் மெல்லியதாக, நேராகச் சரிவதுமே காரணம். கனமான அலகு, ரம்பம் மாதிரியான பல் வரிசை, பிடிக்குள் திசைகாட்டி எல்லாம் வேலைக்கு உதவாத அலங்காரம்.

அப்படியானால் மோராவையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆலையில் உலை வெப்பத்தைக் கருவி அளக்கிறது, ஆயிரம் கத்தியும் ஒரே தரம். பட்டறையில் காலை அடித்ததும் மாலை அடித்ததும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பழைய பட்டையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த இரும்பில், முக்கியமாக நடுத்துளையை ஒட்டி, கண்ணுக்குப் படாத கீறல் ஓடியிருக்கலாம். இவற்றை மறுக்கவில்லை. ஆனால் துவைச்சலின் குறைக்குப் பட்டறை வாசலிலேயே சோதனை இருக்கிறது. அரத்தை வாயில் லேசாக ஓட்டினால் கடிக்காமல் வழுக்க வேண்டும். காய்ந்த மூங்கில் கணுவைச் சீவிப் பார்த்துவிட்டு வெளிச்சத்தில் வாயைப் பிடித்தால், எங்கேயும் வெள்ளையாக மின்னக் கூடாது. மின்னினால் அந்த இடம் மடங்கியோ பெயர்ந்தோ இருக்கிறது. “அண்ணே, இது சரியில்லை” என்றால் அங்கேயே திரும்ப உலையில் போட்டுத் துவைத்துத் தருவார். கருவியின் தரத்துக்கு ஓர் ஆள் பொறுப்பேற்கும் இந்த வசதியை எந்த அட்டைப்பெட்டியும் தருவதில்லை.

நாலு அங்குலம், நேரான முதுகு, முதுகில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாத கனம் என்று கேட்டால் போதும். முட்செடி ஒதுக்கவும் மூங்கில் வெட்டவும் நம் காட்டுக்கு அரிவாள்தான் ஏற்றது. முளை சீவ, கயிறு அறுக்க, சமைக்க இந்தச் சின்னக் கத்தி. ஆனால் சின்னது என்பதால் விலை குறைவாக இருக்க வேண்டும் என்று பேரம் பேசுவது அநியாயம். தடித்த பட்டையை அந்தக் கனத்துக்கு அடித்து இழுப்பது நல்ல உழைப்பு. கரி விலை, பழைய இரும்பு விலை, மின்கட்டணம் எல்லாம் ஏறுகின்றன; மொத்தமாக வாங்கிப் போகும் வியாபாரி மட்டும் பழைய விலையையே சொல்கிறார். அதே பொருளுக்குத் தோலுறை மாட்டி, ஆங்கிலப் பெயர் சூட்டி, பல மடங்கு வைத்து விற்கிறவர் அடித்தவரின் பெயரை எங்கேயும் போடுவதில்லை. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பழங்கால இரும்பு உலைகளைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறோம். உயிரோடு இருக்கும் உலைக்காரருக்குக் கூலி உயர்த்திக் கொடுக்க மட்டும் நமக்கு மனம் வருவதில்லை. இது பட்டினி போட்டுக் கொல்வதுதான். தொழில் தானாக அழிகிறது என்று சொல்வது பொய்.

துருப்பிடிக்குமே என்பது அடுத்த ஆட்சேபம். பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவித் துடைத்து, சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். நாளடைவில் சாம்பல் நிறம் ஏறும். அது கெடுதல் இல்லை, கம்பிப் பஞ்சால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். மழைக்காலத்தில் தோலுறைக்குள்ளேயே வைத்திருந்தால்தான் ஆபத்து, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தீட்டுவதற்குச் சொரசொரப்பு ஒரு பக்கம், நயம் ஒரு பக்கம் உள்ள சாணைக்கல் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் இழைத்துக் கொடுத்த சரிவு கல்லில் அப்படியே படியும்படி வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், பிசிர் விரலுக்குத் தட்டுப்படும். மறுபக்கம் திருப்பித் தேய்த்து, பழைய இடுப்பு வாரின் உட்புறத்தில் இழுத்தால் பிசிர் போய்விடும். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். பொறி பறக்க வாய் நீலமாகிவிட்டால் 300 டிகிரி தாண்டிவிட்டது என்று அர்த்தம், துவைச்சல் அங்கேயே செத்துவிடும். அந்த வாயை மறுபடி உலையில் போட்டுத்தான் மீட்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய பயமும் பலருக்கு இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் விதிகள் குறிப்பிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக்குச் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நாலு அங்குலக் கத்தி அந்த வரையறைக்குள் வராது. பட்டறையில் பெயரும் எண்ணும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், அது அவருக்குப் பாதுகாப்பு. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுக்கிறது. சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவது குற்றம். முண்டந்துறைக்கோ முதுமலைக்கோ போகிறவர்கள் அனுமதி வாங்காவிட்டால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.