பீரோ ஒழித்த கதை

எங்கள் வீட்டு இரும்புப் பீரோ 2004-இல் திருமணச் சீரோடு வந்தது. இருபது ஆண்டுகளாக எதைத் திணித்தாலும் வாங்கிக்கொண்ட அந்தப் பொறுமைசாலி, சென்ற கோடையில் கதவை மூட மறுத்துவிட்டது. முழங்காலால் உந்தினோம், தோளால் தள்ளினோம். ஒருவர் அழுத்திப் பிடிக்க மற்றவர் சாவியைத் திருப்பும் பழைய உத்தியும் பலிக்கவில்லை. கதவிடுக்கில் மாட்டியிருந்த பொன்னாடை ஒன்று மெல்லச் சரிந்து காலடியில் விழுந்தது. ஒழித்தே தீர்வது என்று அன்று முடிவு செய்தோம்.

எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்; மற்றவர் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். மதுரையில் மே மாத வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் இனம். விடுமுறைக்கு வந்திருந்த மகள், மரி கோண்டோ என்னும் ஜப்பானியப் பெண்மணியின் முறையை எடுத்துரைத்தாள். 2014-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவிய நூலாம். வீட்டிலுள்ள துணி முழுவதையும் ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்கு நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டுமாம். (அதே பெண்மணி, மூன்று குழந்தைகள் பிறந்தபின் தம் வீட்டை முன்போல் ஒழுங்காக வைக்க முடிவதில்லை என்று 2023-இல் ஒப்புக்கொண்டதையும் மகளே சொன்னாள். அதன் பிறகே எங்களுக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தது.)

கூடத்தில் கோரைப்பாயை விரித்துக் குவித்தோம். குவியல் எங்கள் இடுப்பளவு வந்தது. தமிழாசிரியருக்கு இத்தகைய தருணங்களில் வாய் சும்மா இராது. துணிக்கப்படுவதால் துணி, அறுக்கப்படுவதால் அறுவை. நெய்தவன் தறியிலிருந்து வெட்டி எடுத்த பின்பே அது ஆடை ஆகிறது. மதுரையில் அறுவை வணிகம் செய்த இளவேட்டனார் சங்கப் புலவர் வரிசையில் இருக்கிறார் என்று விரிவுரை தொடங்கிற்று. "மடிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்று கணிதப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. விரிவுரை அத்துடன் நின்றது.

முதலில் பொன்னாடைகள். எண்ணினோம், நாற்பத்தொன்று. இலக்கிய மன்றத் தொடக்க விழா, பட்டிமன்றம், நூல் வெளியீடு, பணிநிறைவுப் பாராட்டில் வாழ்த்துரை என ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடை உண்டு. எந்த மேடையில் எது போர்த்தப்பட்டது என்பது ஒன்றுக்கும் நினைவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலன், வேர்வையில் நனைந்து ஈரும் பேனும் குடியேறிய கந்தலைக் களையச் செய்து, பாம்புரி போன்ற மெல்லிய ஆடையைப் பொருநனுக்கு உடுத்தக் கொடுக்கிறான். அங்கே உடுக்க ஒன்று இல்லாதவனுக்கு உடை வந்தது. இங்கே சட்டையும் பனியனும் அணிந்து புழுங்கிக் கொண்டிருப்பவன் தோள்மேல், ஒரு மணித்துளி ஒளிப்படத்திற்காகச் செயற்கை இழை ஒன்று விழுகிறது. அதைக் கொண்டு மேசை துடைக்கலாம் என்றால் நீரை உறிஞ்சாது; போர்த்தி உறங்கலாம் என்றால் ஜரிகை கழுத்தைக் கீறும். பொன்னாடைக்குப் பதில் நூல் தரும் வழக்கம் பரவி வருவதை நாங்கள் இருகரம் கூப்பி வரவேற்கிறோம். (நூல் வைக்க இடமில்லை என்பது வேறு கதை.) இறுதியில் நாற்பதைக் கல்லூரி நாடக மன்றத்துக்குக் கொடுத்தோம். இனி எங்கள் மாணவர் நாடகங்களில் சேரனும் சோழனும் பாண்டியனும் குளிரால் வாட மாட்டார்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அது முதல் பட்டிமன்றத்தில் கிடைத்த கைத்தறித் துண்டு. உண்மையில் துவட்டப் பயன்படுவது.

சட்டைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளை, இளநீலம், மீண்டும் வெள்ளை. இடுப்புக் கொள்ளாத கால்சட்டைகள் ஆறு, 'இளைத்த பிறகு' என்ற நம்பிக்கையில் பத்தாண்டு காத்திருந்தன. பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரிடம் அவை ஓர் எவர்சில்வர் வடிதட்டாக மாறின.

பிறகு புடவைகள். எண்பத்தாறு. நிறவாரியாக அடுக்கலாம் என்றாள் மகள். கணித ஆசிரியர் உடன்படவில்லை. ஒவ்வொரு புடவையும் எந்த ஆண்டு, எதற்காக, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பது அவருக்கு மனப்பாடம். எனவே ஆண்டுவாரியாகவே அடுக்கினார். திருமணத்துக்கு அரக்கு நிறக் காஞ்சிபுரம். வளைகாப்புக்குப் பச்சை. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளித் தள்ளுபடியில் எடுத்த மயில்கழுத்து நிறம். காரைக்குடிக்குப் போனபோது வாங்கிய கண்டாங்கி, அகலக் கட்டமும் மிளகாய்ச் சிவப்புமாக. கூடத்துச் சுவரோரமாக வரிசை நீண்டது. வாசற்பக்கம் திருவிழாப் போல் தொடங்கிய அது, சமையலறையை நெருங்க நெருங்கச் சந்தனம், சாம்பல், களிமண், வெளிர்பழுப்பு என்று ஆகிக்கொண்டே போயிற்று.

மகள்தான் கேட்டாள்: "2011-க்கு அப்புறம் ஏம்மா எல்லாமே மண் கலரா இருக்கு?"

"வயசாச்சுல்ல" என்றார் அவர்.

2011-இல் அவருக்கு வயது முப்பத்திரண்டு. கணக்கு ஆசிரியர் கணக்கில் பிழை செய்வதை நாங்கள் கண்டதில்லை. மகள் விடவில்லை. சற்று நேரம் மடிப்பை நீவிக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "உங்க அப்பாதான் சொன்னாரு. அந்த மாம்பழ மஞ்சப் பட்டைக் கட்டிக்கிட்டு அவர் காலேஜ் விழாவுக்குக் கிளம்பினேன். கல்யாண மண்டபத்துத் தோரணம் மாதிரி இருக்குன்னாரு. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாரு."

தமிழ் கற்பிப்பவருக்கு அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை மன்னிப்புக் கேட்பது எளிதாக இருந்திருக்கும். உவமையின் நயம் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பெடுப்பவர், போகிற போக்கில் வீசிய ஓர் உவமை பதினான்கு ஆண்டுகள் ஒருவருடைய உடுப்பை ஆண்டிருக்கிறது என்பதை, கூடத்துச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் காட்டச் சான்றுகள் வேறு வேண்டியதில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட புடவைகள் வரிசையாகக் கிடந்தன.

அந்த மாம்பழ மஞ்சள் எங்கே? பீரோவின் அடித்தட்டில், பழைய துணிப்பைக்குள் இருந்தது. அவர் தாயார் எடுத்துக் கொடுத்தது. பட்டைப் பேணும் முறை எங்களுக்குத் தெரியாததன்று. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக்கூடாது, வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைப்பது நல்லது. மற்ற பட்டுக்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் இதைச் செய்திருக்கிறோம். இந்த ஒன்றை யாரும் பிரிக்கவில்லை. இப்போது பிரித்தபோது, ஒரே மடிப்பில் பதினான்கு ஆண்டு கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே நீளமாக விட்டுப் போயிருந்தது. வெள்ளி இழை கறுத்திருந்தது. மகள் இரண்டாவது மடிப்பைப் பிரிக்க, அதுவும் ஓசையின்றி விட்டது.

"பழைய பட்டு எடுக்கிறவங்க ஜரிகைக்குக் காசு தருவாங்க" என்றாள் மகள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவர் பதில் சொல்லவில்லை. கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொன்னார். முந்தானை கெடாமல் இருந்தது. கரையும் ஒருபக்கம் நன்றாக இருந்தது. அவற்றை அளந்து வெட்டினார். முந்தானை மகளுக்கு ஒரு மேற்சட்டைக்கு, கரை தமக்கு ஒரு ரவிக்கைக்கு. தமிழாசிரியர் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இழுக்காதீங்க, சும்மா பிடிங்க" என்று மட்டும் அவரிடம் சொல்லப்பட்டது.

மண் நிறப் புடவைகளில் பாதிக்கு மேல் அன்று வெளியேறின. சில அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தன, அவை தங்கின. மறுவாரம் அவர் தனியாகக் கடைக்குப் போனார். உடன் வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். இரண்டு சுங்குடியோடு திரும்பினார். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி இன்று பெரும்பாலும் அச்சில்தான் வருகிறது. இவை சௌராட்டிரப் பெண்கள் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றியவை, விலையும் அதற்கேற்ப இருந்தது. ஒன்று மிளகாய்ச் சிவப்பு. மற்றது, மாம்பழ மஞ்சள்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று மஞ்சளையே கட்டினார், அந்தக் கரையில் தைத்த ரவிக்கையோடு. எங்களுள் ஒருவர் கூடத்தில் நாளிதழை விரித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா, சொன்னால் அதுவும் ஒரு தீர்ப்பாகிவிடுமா என்று எண்ணிக்கொண்டிருந்தார். மற்றவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, "அந்த ஊக்கை எடுங்க, நேரமாச்சு" என்றார். எடுத்துக் கொடுத்தோம். பீரோ ஒரே தள்ளலில் மூடிக்கொண்டது.