ஜன்னல் மாளிகை

"இத்தனை ஜன்னலையும் யார் துடைக்கிறது?" என்றாள் என் மனைவி. ஹார்ட்விக் ஹாலைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இங்கிலாந்தில், டெர்பிஷயரில், ஒரு மேட்டின்மேல் நிற்கிறது அந்த மாளிகை. 1590-இல் தொடங்கி, 1597-இல் குடிபோனார்கள். கண்ணாடி பெரும் பணக்காரருக்கே கட்டுப்படியான காலம் அது. கட்டியவள் பெஸ் என்ற சீமாட்டி. நாலு கணவரையும் பறிகொடுத்தவள். எழுபதை எட்டும் வயதில் இத்தனை பெரிய வீடு! ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துக்களைக் கல்லில் நிறுத்தியிருக்கிறாள். மாடி ஏற ஏற அறைகளின் உயரம் கூடுகிறது. கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், உச்சியில் ராணிக்குத் தகுந்த மண்டபம். எலிசபெத் ராணி என்னவோ அங்கே வரவே இல்லை.

சில ஜன்னல்கள் வெறும் பொய். கண்ணாடிக்குப் பின்னால் சுவர்! வெளியிலிருந்து பார்த்தால் வரிசை குலையக் கூடாதாம். கதை எழுதிப் பிழைக்கிறவன் இதைக் கேட்டுச் சிரிக்க முடியுமா?

பெஸ்ஸிடம் சிக்கனமும் இருந்தது. வேறொரு பிரபுவின் குடும்பத்தாரிடம் சித்திரத் திரைச்சீலைகள் வாங்கினாள். அவற்றில் அந்தப் பிரபுவின் சின்னமான பெண்மான் இருந்தது. அதற்குக் கொம்பு வரைந்து தன் குடும்பத்துக் கலைமானாக்கிவிட்டாள். சின்னத்தை மாற்றும் செலவுக்கென்று விலையில் ஐந்து பவுன் குறைத்தும் கொண்டாளாம்!

ஆனால் பேத்தி ஆர்பெல்லாவைத் திருத்தி வரைய அவளால் முடியவில்லை. அரச ரத்தம் ஓடிய பெண். ஒருநாள் அரியணை ஏறுவாள் என்று பாட்டிக்குக் கனவு. தன் படுக்கையறையிலேயே தூங்கவைத்துக் காவல் காத்தாள். பெண்ணோ ரகசியமாய்த் தன் கல்யாணத்துக்குத் தானே தூது அனுப்பினாள். 1603-இல் பாட்டி உயிலிலிருந்து அவளை நீக்கினாள். 1610-இல் திருட்டுக் கல்யாணம், மறு வருஷம் ஆண்வேஷத்தில் தப்பி ஓட்டம், கடலில் பிடிபட்டாள். 1615-இல் லண்டன் கோபுரச் சிறையில் உயிர்விட்டாள்.

இதையெல்லாம் நான் மனைவிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் பதில் பேசவில்லை. டாக்டருக்குப் படிக்கமாட்டேன் என்று சொன்ன எங்கள் பெண், மூன்று மாதமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அங்கே ஆர்பெல்லாவின் படம் ஒன்று உண்டு. இரண்டு வயது நிரம்பாத குழந்தை. கனத்த பட்டு உடை, கையில் ஒரு பொம்மை.

"பொம்மையை எப்படி இறுக்கிப் பிடிச்சிண்டிருக்கு பாருங்கோ" என்றாள் மனைவி.

அன்றிரவு ஓட்டலில் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு முறை கிழித்துப் போட்டேன். ஐந்தாவதை மனைவி வாங்கிப் படித்துவிட்டு, கடைசி இரண்டு வரியை அடித்துத் தந்தாள். அவை புத்திமதி.