நூலில் கிடைத்த விடுதலை: நாகர்கோவில் முதல் இடையன்குடி வரை

கன்னியாகுமரி போகிறவர்கள் சூரிய உதயம் பார்ப்பார்கள், சுசீந்திரம் கோயிலுக்குப் போவார்கள். வழியில் உள்ள நாகர்கோவிலுக்கு ஒரு லேஸ் கதை இருப்பது பலருக்குத் தெரியாது.

1819-ல் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் நாகர்கோவிலுக்கு வந்தவர் மார்த்தா மால்ட். லேஸ் பின்னலுக்குப் பெயர்போன இங்கிலாந்தின் டெவன் பகுதிக்காரர். ஏழைப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்போடு இந்தக் கைவேலையையும் கற்றுக்கொடுத்தார்.

அன்று இது திருவிதாங்கூர் சமஸ்தானம். அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு. இன்னொரு கொடுமையும் இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி, 1859-ல்தான் அரசாணை பெற்றார்கள். சீமைச் சீமாட்டிகளின் உடையை அழகுபடுத்திய ஊரில், உள்ளூர்ப் பெண்களுக்குத் தோளை மூடவே தடை!

இந்த லேஸுக்குக் கம்பளி வேண்டாம். மெல்லிய பருத்தி நூல் போதும். கம்பளியில் பின்னியதை நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்தால் அந்த வடிவிலேயே நிற்கும். பருத்தி அப்படி வளைந்து கொடுக்காது. அதனால் பின்னும்போதே வடிவத்தைப் பிடித்துவிட வேண்டும். திண்டின் மேல் புள்ளி குத்திய காகிதத்தை விரித்து, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி செருகுவார்கள். நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட, ஊசிகளுக்கு நடுவே பூவும் இலையும் உருவாகும்.

நாகர்கோவிலில் இருந்து கிழக்கே, திசையன்விளை பக்கம் போனால் செம்மண்ணும் பனையுமாக இடையன்குடி. ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய கால்டுவெல் வாழ்ந்த ஊர். 1844-ல் அவர் மணந்த எலைசா, மார்த்தாவின் மகள். அம்மாவிடம் இருந்த கலையை மகள் இங்கே கொண்டுவந்தார். பனையேறும் குடும்பத்துப் பெண்களின் கைக்கும் காசு வந்தது. கால்டுவெல் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். அவர் கட்டிய தேவாலயத்தையும் பார்க்கலாம்.

இயந்திர லேஸ் மலிவாக வந்த பிறகு கைப்பின்னல் சுருங்கிவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டி காலத்துப் பருத்தி லேஸ் இருந்தால் பத்திரம்! மிதமான சோப்பு நீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டின் மேல் விரித்து, ஓரங்களை நேராக்கி, துருப்பிடிக்காத ஊசி குத்தி நிழலில் உலர்த்துங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே, மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போட்டால் பூக்கள் நிமிர்ந்து நிற்கும்.