பொன்னுக்கு வீங்கி

2006. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல என் ரூம்மேட்டுக்கு ரெண்டு காதுக்குக் கீழேயும் கன்னம் உப்ப ஆரம்பிச்சது. "மெஸ் சாப்பாடு ஒத்துக்கிச்சுடா உனக்கு"ன்னு கிண்டல் பண்ணினோம். ஊர்ல இருந்து வந்த அவங்கம்மா பொன்னுக்கு வீங்கின்னு முடிவு பண்ணி, தன் கழுத்துச் சங்கிலியைக் கழட்டி அவனுக்குப் போட்டுவிட்டுட்டுப் போனாங்க. (ஆறடி ஆளு, முறுக்கு மீசை, கழுத்துல அம்மா சங்கிலி. நாங்க விடுவோமா?)

பொன்னுக்கு வீங்கின்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல வடியணும். இது நாலு மாசமாகியும் அப்படியே. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வாய் மட்டும் வறண்டு போகும். ராத்திரி எழுந்து எழுந்து தண்ணி குடிப்பான். பல்லும் வரிசையா சொத்தை. கடைசியில பல் டாக்டர்தான் சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எச்.ஐ.வி.

விஷயம் என்னன்னா, சிடி8ங்கற வெள்ளை அணுக்கள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ள கும்பலா போய் உட்கார்ந்துக்கும். சுரப்பி வீங்கும், உள்ளே நீர்க்கட்டியும் வரலாம். எல்லாருக்கும் வராது. பெரும்பாலும் புற்றுநோயும் இல்லை. ஆனா ஊசியால எடுத்துப் பார்த்துக்கறது நல்லது; ஒரு பக்கம் மட்டும் வேகமா வளர்ந்தா கட்டாயம் பார்க்கணும்.

அவன் இதைச் சொன்னது என்கிட்ட மட்டும்தான். தோள்ல கை போட்டு ஆறுதலெல்லாம் சொன்னேன். மறுநாள் காலையில அவன் குளிக்கப் போன நேரமா பார்த்து, ரூம்ல இருந்த ஒரே எவர்சில்வர் டம்ளரை சோப்பு போட்டு மூணு தடவை கழுவினேன். எச்சில்ல பரவாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கழுவினேன். எச்சில்ல இருக்கற சில புரதங்கள் அந்த வைரஸை முடக்கவே செய்யும்னு பிற்பாடு படிச்சேன். அவனுக்கோ அந்த எச்சிலே சரியா ஊறாமத்தான் அவதி.

துண்டை மறந்துட்டுத் திரும்பி வந்தவன் பார்த்துட்டான். ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் தனக்குன்னு ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கிட்டு வந்தான்.

தாம்பரம் சானடோரியத்துல 2004-லயே இலவச ஏ.ஆர்.டி. மாத்திரை வந்திருந்தது. ஆனா அப்போ சிடி4 எண்ணிக்கை நல்லா இறங்கினாத்தான் கொடுப்பாங்க. தெரிஞ்ச உடனே எல்லாருக்கும்னு ஆனது 2017-லதான். இவனுக்கு 2008-ல ஆரம்பிச்சாங்க. கன்னம் மெதுவா வத்திடுச்சு, கத்தி வைக்கத் தேவைப்படலை. வாய் வறட்சி மட்டும் முழுசா போகலை. இன்னிக்கும் எங்க போனாலும் கையில தண்ணி பாட்டில், பையில ஃப்ளோரைடு பேஸ்ட்.

போன மாசம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொண்டு வந்தான், ரெண்டு டம்ளர். அவன் ஒரு வாய் குடிச்சுட்டு வச்சதை நான் எடுத்துக் குடிச்சேன்.

"சக்கரை போடாததுடா அது, லூசு"ன்னு பிடுங்கிக்கிட்டான்.